வாயில்களைத் திறந்த குரல்

நுழையும்முன்

கலைக்கு நிறமில்லை என்பர். ஆயினும் கலை அரங்கேறும் மன்றத்தின் வாயிலில் மனிதரின் நிறம் பார்த்து நிறுத்திய காலமும் உண்டு. அத்தகைய காலத்தில் பிறந்து, தம் குரலையே துணையாகக் கொண்டு உலகின் புகழ்மிக்க இசைநாடக மேடைகளில் தலைமை பெற்றவர் அமெரிக்கப் பாடகி லியோன்டீன் பிரைஸ். அவருடைய வாழ்வு, திறமை எவ்வாறு வளர்கிறது என்பதையும், வளர்ந்த திறமையைத் தன்மதிப்போடு எவ்வாறு காத்துக்கொள்வது என்பதையும் ஒருங்கே உணர்த்துகிறது.

இசைநாடகமும் உச்சக்குரலும்

ஐரோப்பியர் போற்றி வளர்த்த பெருங்கலைகளுள் ஒன்று ஆப்பெரா எனப்படும் இசைநாடகம். இது இத்தாலி நாட்டில் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. இதில் கதைமாந்தர் தம் உரையாடலைப் பெரும்பாலும் பாடலாகவே வெளிப்படுத்துவர். மேடைக்கு முன்புறத் தாழ்தளத்தில் அமர்ந்திருக்கும் பெரிய இசைக்குழு அவர்களுக்குத் துணைநிற்கும். காதலும் பகையும், நாட்டுப்பற்றும் இரண்டகமும், மணமும் மரணமும் இசையின் வழியாகவே காண்போர் உள்ளத்தைச் சென்றடையும்.

இசைநாடகத்தில் ஒவ்வொரு கதைமாந்தரையும் எவ்வகைக் குரலுடையவர் பாட வேண்டும் என்பதை இசையமைப்பாளரே வரையறுத்துவிடுவார். ஆண்குரல்களை டெனார், பாரிடோன், பாஸ் என்றும், பெண்குரல்களை சொப்ரானோ, மெட்சோ சொப்ரானோ, கான்ட்ரால்டோ என்றும் வகைப்படுத்துவர். இவற்றுள் சொப்ரானோ என்பது பெண்குரலின் உச்சநிலை. கதைத்தலைவியர் பலரும் இக்குரலுக்கென்றே படைக்கப்பட்டுள்ளனர்.

சொப்ரானோ குரலிலும் நுண்ணிய வேறுபாடுகள் உள்ளன. மென்மையும் இனிமையும் மிக்கது ஒரு வகை. இசைக்குழுவின் முழக்கத்தையும் மீறி ஒலிக்கும் வன்மை உடையது மற்றொரு வகை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதை ஸ்பின்டோ என்பர். 'உந்தப்பட்டது' என்பது இவ்வித்தாலியச் சொல்லின் பொருள். மென்மையாகத் தொடங்கி, உணர்ச்சி உச்சம் எய்தும் இடத்தில் வன்மையோடு உயரும் ஆற்றல் இக்குரலுக்கு உண்டு. இத்தாலிய இசைநாடகப் பேராசான் வெர்டி படைத்த தலைவியருள் பலர் இக்குரலை வேண்டி நிற்பவர்கள். லியோன்டீன் பிரைஸின் குரல் இவ்வகையைச் சார்ந்ததே.

தெரிந்து தெளிவோம்

மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்திருக்கும் அரங்கில், ஒலிபெருக்கி இன்றி, பெரிய இசைக்குழுவைத் தாண்டி ஒரு மனிதக் குரல் கேட்பது எவ்வாறு? பயிற்சி பெற்ற இசைநாடகப் பாடகர்கள் தம் குரலாற்றலை நொடிக்கு ஏறத்தாழ 3,000 அதிர்வுகள் கொண்ட பகுதியில் செறிவுபெறச் செய்கின்றனர். அப்பகுதியில் இசைக்குழுவின் ஒலி வலிமை குன்றியிருக்கும். மனிதச் செவியோ அப்பகுதியில் கூர்மை மிக்கிருக்கும். சொப்ரானோ பாடகியர் உச்சசுரங்களைப் பாடும்போது வாயை அகலத் திறந்து, வாயறையின் ஒத்ததிர்வைப் பாடும் சுரத்துக்கு இயைய அமைத்துக்கொள்கின்றனர். அவர்கள் பாடும் உச்சசுரங்களுள் ஒன்றில் குரல்நாண்கள் நொடிக்கு ஆயிரம் முறைக்கும் மேலாக அதிர்கின்றன. உச்சத்தில் ஒலிக்கும் சொற்கள் சிலபோது தெளிவாகக் கேட்காமைக்கும் இதுவே காரணம்.

லாரல் நகரத்துக் குழந்தை

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள மிசிசிப்பி மாநிலத்தில், லாரல் என்னும் சிறுநகரில், 1927 ஆம் ஆண்டு பிப்ரவரி 10 ஆம் நாள் லியோன்டீன் பிரைஸ் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் மரம் அறுக்கும் ஆலையில் பணிபுரிந்தார். தாய் கேத்தரின் மகப்பேறு பார்க்கும் மருத்துவச்சி. தேவாலயப் பாடற்குழுவில் இனிமையாகப் பாடுபவர். திருமணமாகிப் பல ஆண்டுகள் மகப்பேறின்றி இருந்த அவ்விணையருக்குப் பிறந்த முதல் குழந்தை அவர். பின்னர்ப் பிறந்த தம்பி ஜார்ஜ், அமெரிக்கத் தரைப்படையில் பிரிகேடியர் ஜெனரல் பதவி வரை உயர்ந்தார்.

மகளின் இசைநாட்டத்தை இளமையிலேயே உணர்ந்த பெற்றோர், பள்ளிப் பருவத்துக்கு முன்பே பியானோ பயிற்சிக்கு ஏற்பாடு செய்தனர். குழந்தைக்கு ஐந்து வயதானபோது, வீட்டில் இருந்த இசைத்தட்டுப் பெட்டியைக் கொடுத்து, அதன் மதிப்பை முன்பணமாக்கி ஒரு பியானோவை வாங்கினர். வருவாய் குறைந்த குடும்பத்துக்கு அது சிறிய செலவன்று. பிறர் பாடக் கேட்டு மகிழும் கருவியை விடுத்து, தம் பிள்ளை வாசிக்கும் கருவியை அவர்கள் தேர்ந்தெடுத்தனர்.

அக்காலத்தில் தென்மாநிலங்களில் நிறவேற்றுமை சட்டத்தின் துணையோடு நிலைபெற்றிருந்தது. இனவாரியாகப் பிரிந்த வசதிகள் சமமாக இருந்தால் போதும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1896 இல் அளித்த தீர்ப்பு அதற்கு அரணாக அமைந்தது. பள்ளி, தொடர்வண்டி, உணவகம், திரையரங்கு என எங்கும் வெள்ளையருக்கு ஓர் இடம், கறுப்பினத்தவருக்கு மற்றோர் இடம் என்று பகுத்து வைத்திருந்தனர். 'சமம்' என்னும் சொல் ஏட்டில் மட்டுமே இருந்தது.

ஒன்பது வயதில், மிசிசிப்பியின் தலைநகரான ஜாக்சனுக்குத் தாய் தம் மகளை அழைத்துச் சென்றார். அங்கே கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனின் இசைநிகழ்ச்சி நடைபெற்றது. மேடையில் கம்பீரமாக நின்று பாடிய அப்பெண்மணியின் தோற்றமும் குரலும் சிறுமியின் நெஞ்சில் ஆழப் பதிந்தன. தானும் அவ்வாறு ஆக வேண்டும் என்னும் வேட்கை அன்று பிறந்தது.

அந்த மரியன் ஆண்டர்சனும் தடைகளைக் கடந்தே நடந்தார். 1939 இல் வாஷிங்டன் நகரின் கான்ஸ்டிடியூஷன் அரங்கம் நிறத்தைக் காரணமாக்கி அவருக்கு இடம்தர மறுத்தது. அவ்வாண்டு ஏப்ரல் 9 ஆம் நாள், லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, ஏறத்தாழ 75,000 மக்கள் திரண்டிருந்த வெட்டவெளியில் அவர் பாடினார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் இசைநாடக அரங்கில் பாடும் வாய்ப்பு அவருக்கு 1955 சனவரியில்தான் கிட்டியது. அப்போது அவருக்கு வயது 57. குரலின் வளமான பருவம் கடந்த பின்னரே அந்த வாயில் திறந்தது.

ஆசிரியப் பணியிலிருந்து அரங்கத்துக்கு

ஓகையோ மாநிலத்தின் வில்பர்ஃபோர்ஸில் உள்ள கல்லூரியில் லியோன்டீன் சேர்ந்தபோது, இசை ஆசிரியராவதே அவருடைய நோக்கமாக இருந்தது. கறுப்பினப் பெண் ஒருவர் இசையால் வாழ்வதற்கு அன்று உறுதியாகக் கிடைத்த வழி ஆசிரியப் பணி ஒன்றே. எனினும் அவர் குரலைக் கேட்ட ஆசிரியர்கள், பாடற்கலையை முதன்மையாகப் பயிலுமாறு ஊக்குவித்தனர். 1948 இல் பட்டம் பெற்ற அவருக்கு நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப்பள்ளியில் இடம் கிடைத்தது.

இடம் கிடைத்தாலும் பெருநகரில் தங்கிப் பயிலப் பொருள் வேண்டுமே! புகழ்பெற்ற பாடகரும் நடிகருமான பால் ராப்சன், அவருடைய கல்விக்கு நிதி திரட்டும்பொருட்டு நடந்த இசைநிகழ்ச்சியில் பாடி உதவினார். லாரல் நகரின் செல்வக் குடும்பமான சிஷோம் குடும்பத்தினரும் துணைநின்றனர். லியோன்டீனின் உறவினர் ஒருவர் அவ்வீட்டில் பணிபுரிந்தவர். அவ்வீட்டுத் தலைவி எலிசபெத், சிறுமியாய் இருந்த நாள்முதலே லியோன்டீனின் பாடலைக் கேட்டு ஊக்கமளித்து வந்தார். நிறவேற்றுமை இறுகியிருந்த ஊரிலும் ஈரமுள்ள நெஞ்சங்கள் இருந்தன என்பதற்கு இது சான்று.

ஜூலியார்டில் அவருக்கு வாய்த்த ஆசிரியை புளோரன்ஸ் பேஜ் கிம்பல். மூச்சைச் சீராகச் செலவிடுதல், குரலை வருத்தாமல் உயர்த்துதல், சொல்லின் பொருளுணர்ந்து பாடுதல் ஆகியவற்றை அவர் கற்பித்தார். முதலை அழிக்காமல் வட்டியைக்கொண்டு வாழ்வதுபோலக் குரலைச் செலவிட வேண்டும் என்பதே அப்பயிற்சியின் அடிப்படை. இத்தாலியம், செர்மன், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் பிழையின்றிப் பாடவும் அவர் பழகினார். பள்ளிப் பயிற்சி முடிந்த பின்னரும் இவ்வாசிரியையின் அறிவுரையை அவர் நாடி வந்தார்.

மேடையும் திரையும்

1952 இல் ஜூலியார்டு மாணவர்கள் நடத்திய 'ஃபால்ஸ்டாஃப்' இசைநாடகத்தில் அவர் பாடியது, இசையுலகினர் பலரின் கவனத்தை ஈர்த்தது. அவ்வாண்டே கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' இசைநாடகத்தில் பெஸ் என்னும் தலைவியாக நடிக்கும் வாய்ப்பு வந்தது. அமெரிக்க நகரங்களிலும், வியன்னா, பெர்லின், லண்டன், பாரிஸ் ஆகிய ஐரோப்பிய நகரங்களிலும் அந்நாடகம் பெருவரவேற்பைப் பெற்றது. 1953 இல் இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர், தம் புதிய பாடல்தொகுதி ஒன்றை அரங்கேற்ற இவரையே தேர்ந்தார். பார்பர் பியானோ வாசிக்க, லியோன்டீன் பாட, வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அந்நிகழ்ச்சி நடைபெற்றது.

1955 இல் என்.பி.சி. தொலைக்காட்சி, புச்சினியின் 'டோஸ்கா' இசைநாடகத்தை ஒளிபரப்பியது. தலைவியாகப் பாடியவர் லியோன்டீன் பிரைஸ். கறுப்பினப் பெண் ஒருவர் வெள்ளையின நடிகரின் காதலியாகத் தோன்றுவதை ஏற்காத தென்மாநில நிலையங்கள் சில, அந்நிகழ்ச்சியை ஒளிபரப்ப மறுத்தன. ஆயினும், பிற நிலையங்களின் வழியே அவர் குரல் நாடெங்கும் பல இல்லங்களைச் சென்றடைந்தது.

1957 இல் சான்பிரான்சிஸ்கோ அரங்கில், பிரெஞ்சு இசையமைப்பாளர் புலாங்கின் இசைநாடகத்தில் பாடி, பெரிய இசைநாடக மேடையில் அவர் அடியெடுத்து வைத்தார். அங்கே வெர்டியின் 'ஐடா' நாடகத்தில் பாடவிருந்த பாடகி உடல்நலம் குன்ற, அவ்விடம் இவருக்கு வந்தது. அடுத்த ஆண்டில் வியன்னா, லண்டன், வெரோனா ஆகிய நகரங்களிலும், 1960 இல் இத்தாலியின் புகழ்பெற்ற லா ஸ்காலா அரங்கிலும் அவர் ஐடாவாகப் பாடினார். வெர்டியின் சொந்த மண்ணிலேயே அவர் இசை போற்றப்பட்டது. வியன்னாவில் அவரை அறிமுகப்படுத்திய இசைநடத்துநர் கராயன், பின்னரும் பல மேடைகளில் அவரோடு இணைந்து பணியாற்றினார்.

காத்திருந்த காலம்

1950களின் பிற்பகுதியில், மெட்ரோபாலிட்டன் அரங்கின் பொதுமேலாளர் ருடால்ஃப் பிங், ஐடாவாகச் சில காட்சிகளில் பாடுமாறு லியோன்டீனை அழைத்தார். அமெரிக்கப் பாடகர் எவரும் கனவு காணும் மேடை அது. ஆயினும் அவர் அவ்வழைப்பை ஏற்கவில்லை.

ஐடா எத்தியோப்பிய இளவரசி. எகிப்தில் சிறைப்பட்டு அடிமையாக வாழ்பவள். கறுப்பினப் பாடகி ஒருவர் நாட்டின் முதன்மை அரங்கில் முதன்முதலாக அடிமை வேடத்தில் தோன்றினால், அவருக்கு அவ்வேடமே உரியது என்று காண்போர் கருதக்கூடும். என்.பி.சி. இசைநாடகப் பிரிவை நடத்திய பீட்டர் ஹெர்மன் ஆட்லர் உள்ளிட்ட நலம்விரும்பிகள் இதனைச் சுட்டிக்காட்டினர். பெருமாட்டியாகவே அம்மேடையில் அவர் முதலில் தோன்ற வேண்டும் என்றனர். லியோன்டீன் அக்கருத்தை ஏற்றார்.

ஐடா வேடத்தை அவர் வெறுத்தவர் அல்லர். ஐரோப்பாவில் அவருக்குப் புகழ் தேடித்தந்ததே அவ்வேடம்தான். அவர் மறுத்தது வேடத்தை அன்று. அவ்வேடத்தின் வழியாகத் தம்மை ஓர் எல்லைக்குள் அடைக்கும் பார்வையையே. வந்த வாய்ப்பைப் பற்றிக்கொள்வது எளிது. அதன் பொருளை எண்ணிப் பார்த்து விலகி நிற்பதற்குத் தன்திறன்மேல் அசையாத நம்பிக்கை வேண்டும்.

1961 சனவரி 27

காத்திருப்பு வீண்போகவில்லை. 1961 ஆம் ஆண்டு சனவரி 27 ஆம் நாள் மெட்ரோபாலிட்டன் அரங்கில் வெர்டியின் 'இல் திரொவத்தோரே' நடைபெற்றது. லியோன்டீன் பிரைஸ் ஏற்றது லியோனோரா என்னும் ஸ்பானிய அரசவைப் பெருமாட்டியின் வேடம். இத்தாலியப் பாடகர் பிராங்கோ கொரெல்லிக்கும் அம்மேடையில் அதுவே முதல் நாள். நிகழ்ச்சி முடிந்தபின் எழுந்த கைத்தட்டல் அரைமணி நேரத்துக்கும் மேலாக ஓயவில்லை. அவ்வரங்கின் வரலாற்றில் நீண்ட பாராட்டொலிகளுள் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. அப்பருவத்திலேயே லியோனோரா, ஐடா உட்பட மொத்தம் ஐந்து வேடங்களில் அவர் அங்கே பாடினார். மார்ச்சு மாதம் 'டைம்' இதழ் தன் அட்டையில் அவர் உருவத்தை வெளியிட்டது.

அவ்வாண்டு அக்டோபரில் புதிய பருவத்தின் தொடக்கவிழா, புச்சினியின் 'லா ஃபான்சுல்லா டெல் வெஸ்ட்' நாடகத்தோடு நடைபெற்றது. அதில் தலைவியாகப் பாடியதன் வழியாக, மெட்ரோபாலிட்டன் அரங்கின் பருவத்தைத் தொடங்கிவைத்த முதல் கறுப்பினப் பாடகி என்னும் சிறப்பை அவர் பெற்றார்.

சரிவும் மீட்சியும்

உயர்வுக்குப்பின் சோதனையும் வந்தது. அந்நாடகத்தின் இரண்டாம் நிகழ்ச்சியில், பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் கம்மிவிட்டது. இரண்டாம் அங்கத்தின் எஞ்சிய பகுதியைப் பேச்சாகவே முடித்தார். மூன்றாம் அங்கத்தை மற்றொரு பாடகி பாடினார். தொடர்ந்து பல வேடங்களை ஏற்ற ஓராண்டின் உழைப்பு, குரலின்மேல் சுமையாகியிருந்தது. அவர் ஓய்வெடுத்துக்கொண்டார், குரல் மீண்டது. கருவி பழுதுபட்டால் வேறொன்று வாங்கலாம். பாடகரின் கருவியோ அவர் உடலே. ஏற்கும் வேடங்களை அளந்து ஏற்பதும், ஒவ்வாதவற்றை மறுப்பதும் அதன்பின் அவருடைய வழக்கமாயின.

1966 ஆம் ஆண்டு செப்டம்பர் 16 ஆம் நாள், லிங்கன் மையத்தில் எழுந்த புதிய மெட்ரோபாலிட்டன் அரங்கம் திறக்கப்பட்டது. அதற்கெனப் பார்பர் இயற்றிய 'ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா' இசைநாடகத்தில் லியோன்டீன் கிளியோபாட்ராவாகப் பாடினார். ஆனால், மிகையான மேடை அலங்காரமும் இயந்திரக் கோளாறுகளும் இசையை மறைத்தன. நாடகம் தோல்வி எனத் திறனாய்வாளர் எழுதினர். பாடகியோ அவ்விசையைக் கைவிடவில்லை. அந்நாடகத்தின் இரு காட்சிகளைப் பார்பர் தனி இசைநிகழ்ச்சிக்கு ஏற்ப அமைத்துத்தர, அவற்றைப் பாடி நிலைபெறச் செய்தார்.

1970களில் நாடகங்களைக் குறைத்துக்கொண்டு, பியானோ துணையுடன் தனித்துப் பாடும் இசைநிகழ்ச்சிகளில் அவர் மிகுதியாக ஈடுபட்டார். செர்மானிய, பிரெஞ்சுப் பாடல்களோடு அமெரிக்க இசையமைப்பாளர்தம் பாடல்களையும் பாடுவார். அடிமை வாழ்வின் துயரிலும் நம்பிக்கையிலும் பிறந்த 'ஸ்பிரிச்சுவல்' என்னும் கறுப்பின மக்களின் பத்திப்பாடல்களுக்கு அந்நிகழ்ச்சிகளில் சிறப்பிடம் தந்தார். வெர்டியின் இசைக்கு அளித்த அதே மதிப்பைத் தம் முன்னோரின் பாடல்களுக்கும் அளித்தமை குறிப்பிடத்தக்கது.

விடைபெற்ற வேளை

1985 ஆம் ஆண்டு சனவரி 3 ஆம் நாள், 57 ஆம் வயதில், மெட்ரோபாலிட்டன் அரங்கில் இசைநாடக மேடைக்கு அவர் விடைகொடுத்தார். அன்று அவர் ஏற்ற வேடம் ஐடா. தாய்நாட்டை இனிக் காண இயலாதே என்று ஐடா ஏங்கிப் பாடும் மூன்றாம் அங்கப் பாடல் முடிந்ததும், அரங்கம் சில நிமிடங்கள் கைத்தட்டலால் அதிர்ந்தது. நாடெங்கும் மக்கள் அதனைத் தொலைக்காட்சியில் கண்டனர். ஒரு காலத்தில் அறிமுகத்துக்கு வேண்டாம் என மறுத்த வேடத்தையே நிறைவுக்கு அவர் தேர்ந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில், அவரை ஒரே வேடத்துக்குள் அடைத்துக் காணும் பார்வையை அவருடைய கலை வென்றிருந்தது.

அமெரிக்கக் குடியரசுத்தலைவரின் விடுதலைப் பதக்கம் 1964 இலும், கென்னடி மையப் பெருமை 1980 இலும், தேசியக் கலைப் பதக்கம் 1985 இலும் அவரைச் சேர்ந்தன. இசைப்பதிவுகளுக்காக 13 கிராமி விருதுகளும், 1989 இல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருதும் பெற்றார். 1990 இல் ஐடாவின் கதையைச் சிறுவர்க்கான நூலாக எழுதி வெளியிட்டார்.

2001 செப்டம்பர் 11 இல் நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதலால் அமெரிக்கா துயருற்றிருந்த வேளையில், அம்மாத இறுதியில் கார்னகி அரங்கில் அஞ்சலி இசைநிகழ்ச்சி நடைபெற்றது. ஓய்வு பெற்றிருந்த லியோன்டீன் பிரைஸ், தம் 74 ஆம் வயதில் அம்மேடையேறி, ஒரு ஸ்பிரிச்சுவல் பாடலையும் நாட்டு வாழ்த்துப் பாடல் ஒன்றையும் பாடினார். அவர் பிறந்த காலத்தில் அவரைச் சமமாக ஏற்கத் தயங்கிய நாடு, தன் துயர வேளையில் அவர் குரலில் ஆறுதல் தேடியது.

ஒருவரின் உயர்வு அவர் ஒருவரால் மட்டுமே அமைவதன்று. இசைத்தட்டுப் பெட்டியைத் துறந்த பெற்றோர், நிதி திரட்டித்தந்த மூத்த கலைஞர், குரலைப் பேணக் கற்பித்த ஆசிரியை, தமக்குமுன் நடந்து வழிகாட்டிய மரியன் ஆண்டர்சன் எனப் பலரின் கைகள் லியோன்டீனைத் தாங்கின. அவர்கள் தந்ததைப் பயிற்சியால் பெருக்கினார், தன்மதிப்பால் காத்தார். பின்வந்த கறுப்பினப் பாடகியர் பலர் அதே அரங்குகளில் தலைமை வேடங்களை ஏற்றனர். தாம் நுழைந்த வாயிலைப் பின்வருவோர்க்கும் திறந்து வைப்பதே உண்மையான வெற்றியாகும்.

கற்பவை கற்றபின்

1. 'வாய்ப்பை மறுப்பதும் சிலபோது வளர்ச்சிக்கு வழியாகும்' – லியோன்டீன் பிரைஸின் வாழ்வை முன்வைத்து வகுப்பில் கலந்துரையாடுக.

2. தடைகளைக் கடந்து கலைத்துறையில் சிறந்து விளங்கிய பெண்கள் இருவரைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

3. நும் ஊரில் வாழும் பாடகர் ஒருவரைச் சந்தித்து, அவர் குரலைப் பேணும் முறைகளைக் கேட்டறிந்து பட்டியலிடுக.